பிள்ளை பிடிக்கிறவன்

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. கடலோரம் நடந்தபோது தோன்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எங்கள் குடும்பக் குழுவில், காலை வணக்க ரோஜாவுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவில், 'அவசியம் பகிரவும்' என்ற தலைப்போடு வந்தது. வீடியோ. ஓர் இளைஞனை நாலைந்து பேர் மின்கம்பத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் செருப்பால் அடிக்கிறான். படம் எடுப்பவன், "மூஞ்சக் காட்டுடா, மூஞ்சக் காட்டு" என்கிறான். எங்கோ ஒரு பெண் குழந்தை அழுகிறது. குழந்தை தெரியவில்லை. அழுகை மட்டும்தான்.

கீழே என் சித்தப்பா, 'குழந்தை காப்பாற்றப்பட்டது, இறைவனுக்கு நன்றி' என்று எழுதிக் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தார்.

குழந்தை யாரைப் பார்த்து அழுதது என்பதுதான் கதை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் சாகவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் உயிரோடுதான் இருக்கிறான். ரத்தம் எப்போது வரும் என்று பக்கம் புரட்டுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'தார் பூசியது போன்ற கறுத்த உடலும் சுருண்ட முடியுமாக அவன் ராயபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது'

அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் வலை இழுக்கிற ஆண்கள் பாதிப் பேர் அதே நிறம்தான். அவர்களை எழுதும்போது 'வெயிலில் உரமேறிய உடல்' என்கிறேன். ஒரே கறுப்புக்கு என் பேனாவில் இரண்டு உவமை இருந்திருக்கிறது.

இரண்டாவது: 'ஆயிரம் கனவுகளைச் சுமந்தபடி அந்த ஆப்பிரிக்க இளைஞன்'

இதுவும் வேண்டாம். கனவு ஒன்றுதான். சென்னை லீக்கில் ஒரு சீசன் ஒழுங்காக ஆடி, கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்பில் சேர வேண்டும். தவிர, ஆப்பிரிக்கா ஓர் ஊர் இல்லை. அவனுடைய ஊர் துவாலா. கேமரூன் நாட்டின் துறைமுக நகரம்.

ஆகவே இப்படி: சிரில் எம்போமாவுக்கு இருபத்திரண்டு வயது. கால்பந்தில் நடுக்களத்து ஆட்டக்காரன். கோபக்காரன்.

(கடைசிச் சொல்லை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். கதை நொண்டியது. திரும்பப் போட்டுவிட்டேன்.)

3

கிளப்காரர்கள் வீடு தேடியபோது போன இடத்திலெல்லாம், "நேத்துதான் ஆள் வந்துட்டாங்கோ" என்றார்கள். 'வீடு வாடகைக்கு' பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காசிமேட்டில், எண்ணூர் ரோட்டுக்குக் கடல் பக்கமாக உள்ள ஒரு தெருவில், பவானி மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடில ஒரு ரூமு கீது. கருவாட்டு நாத்தம் அடிக்கும். பரவால்லியா?" என்று கேட்டாள்.

கூட வந்த அசோகன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"எங்கள் தெருவிலும் அடிக்கும்" என்றான் சிரில். குடி வந்தாயிற்று.

பவானி மீன்பிடித் துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். கணவன் மணி விசைப்படகில் ஏறினால் திரும்ப வாரக்கணக்காகும். ஒரே மகள் கார்குழலி ஒன்றாம் வகுப்பு. அசோகன் வியாசர்பாடிக்காரன், சிரிலின் அணியில் தடுப்பாட்டம் ஆடுபவன், அவனுக்குத் தமிழ் வாத்தியார். முதல் பாடம் 'இன்னா'. முறைக்கிறவனுக்கு ஓர் இன்னா, கேட்காமல் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிறவனுக்கு ஓர் இன்னா. "செல்ஃபி இன்னாக்குக் கொஞ்சம் வெயிட்டு குடு மாமு" என்று அசோகன் திருத்துவான்.

வெயிட் கொடுத்தும் பயன் இல்லை. பஸ்ஸில் ஆட்கள் படிக்கட்டில் தொங்குவார்கள். அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். முடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். 'எந்த நாடு' என்று கேட்பார்கள், பதிலைக் கேட்காமலே 'நைஜீரியா' என்பார்கள். ஒருநாள் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இட்லி ஊட்டியபடி அவனைக் காட்டி, "துன்னலன்னா அந்த மாமாகிட்ட புட்ச்சிக் குட்த்துடுவேன்" என்றாள். அது அவனுக்குப் புரிந்தது. தமிழ் கற்றுக்கொண்டதற்காக அவன் வருத்தப்பட்ட நாள் அது.

(எனக்கும் இப்படித்தான் சோறு ஊட்டினார்கள். எனக்குக் காட்டியது சாக்குப்பை சுமந்து போகிற ஓர் ஆளை.)

ஒரு காலையில் பவானி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். "நைனா, நீ பிராக்டீஸுக்கு அந்த வழியாத்தானே போறே? எனக்கு ஏலத்துக்கு லேட் ஆவுது. இவள ஸ்கூல்ல வுட்டுட்டுப் போயேன்."

அன்றிலிருந்து தினமும் அவன்தான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டிப் போகும். குழலி அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். லாரி நகரும் இடைவெளியில் இருவரும் ஓடிக் கடப்பார்கள்.

"சிறிலு, உங்கூர்ல கடல் கீதா?"

"கீது."

"மீனு?"

"கீது."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்தே?"

அந்த ஊரில் அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அவன் நின்று யோசித்த கேள்வி இது ஒன்றுதான்.

4

குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டது என்று ஒரு குரல் பதிவு அந்த வாரம் சுற்றியது. அது வதந்தி என்று போலீஸ் அறிவித்தது. அறிவிப்பை யாரும் பகிரவில்லை.

அன்று வழக்கமான தெருவைச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த தெரு வழியாகப் போனார்கள். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. குழலி வீட்டுப்பாடம் எழுதவில்லை. மிஸ் திட்டுவார் என்று அழுதுகொண்டே வந்தாள். அவன் "வா, வா" என்று கையை இழுத்தான். ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற யாரும் செய்வதுதான்.

தண்ணீர் கேன் போடுகிற திருமுருகன் வண்டியை நிறுத்தினான். "யார் புள்ளடா இது?"

"பாப்பா ஸ்கூல் போது."

"யார் புள்ளன்னு கேட்டேன்."

"என் பாப்பா" என்றான் சிரில்.

'என் வீட்டுப் பாப்பா' என்று சொல்ல நினைத்தான். ஒரு சொல் விட்டுப்போயிற்று. முதல் பிரதியில் இந்த இடத்தில் மொழி, புரிதல், இடைவெளி என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். இலக்கணப் பிழைக்காக ஒருவனை யாரும் செருப்பால் அடிப்பதில்லை. அவன் தூய தமிழில் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பார்கள்.

அடித்தார்கள். திருமுருகன் தொடங்கினான்; கேட்காமல், விசாரிக்காமல், கடைக்குப் பால் வாங்கப் போன மனிதர்கள் பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அடித்தார்கள். கம்பத்தில் மோதி அவனுடைய இடது மணிக்கட்டு பிசகியது. அவன் திருப்பி அடித்திருக்கலாம். உடம்பில் பலம் இருந்தது. ஆனால் குழலி அவன் கால்களுக்கு இடையில் மாட்டியிருந்தாள். யார் கால் எங்கே மிதிக்கும் என்று தெரியாமல் கம்பத்துக்கும் தனக்கும் நடுவே அவளை வைத்துக்கொண்டு நின்றான். அதைத்தான் 'குழந்தையை விடாமல் பிடித்திருந்தான்' என்று பிறகு சாட்சி சொன்னார்கள்.

ஒரு பெண் குழலியைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனாள். "எங்க சிறிலண்ணன வுடுங்கடா" என்று குழலி கத்தினாள். வீடியோவில் விசில் சத்தத்தில் வார்த்தைகள் அமுங்கி வெறும் அழுகையாகிவிட்டன. தூக்கியவளின் கையை அவள் கடித்தது வீடியோவில் இல்லை.

5

போலீஸ் வந்து காப்பாற்றியது. காப்பாற்றி, அவனைத்தான் ஸ்டேஷனில் உட்கார வைத்தது. பவானி செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றாள்.

"எம் புள்ளய எவன்கூட அனுப்பணும்னு ஊரு சொல்லுமா? எவன்டா கைய வெச்சவன்? முன்னாடி வாடா, மவனே!"

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரும் முன்னால் வரவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிலிடம், "கம்ப்ளெயின்ட் ஏதாவது குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். கேட்ட தொனியிலேயே வேண்டாம் என்கிற பதில் இருந்தது. அணிப் பயிற்சியாளர் செங்குட்டுவன் அவன் காதருகே குனிந்தார். "விசா விஷயம்லாம் கீதுப்பா. சீசன் நடுவுல பேஜாரு வேணாம். கம்முனு வுட்டுடு."

"குடுக்கிறேன்" என்றான் சிரில், தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி.

6

அந்தப் புகாரை வாபஸ் வாங்க வைக்கத்தான் சால்வை வந்தது.

தெருமுனையில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக். மனிதநேய விழா என்று பேனர். திருமுருகன் சால்வையோடு நின்றான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பள்ளிக்குப் போகிற மகள் உண்டு. (இந்த இரண்டு வாக்கியங்களை நான் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.)

"தெரியாம நடந்துபோச்சு தலைவா" என்றான் திருமுருகன். "நீ நம்ம பவானியக்கா வூட்டு ஆளுன்னு தெரிஞ்சா கைய வெச்சிருப்பமா?"

சிரில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி கேட்டான். "தெரிலன்னா?"

"இன்னா?"

"பவானி வூடு இல்ல. எந்த வூடும் இல்ல. சொம்மா ஒர்த்தன் ரோட்ல போறான். அவன அட்க்கலாமா?"

பந்தலின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "போட்டோ எடுங்கப்பா, டைம் ஆவுது."

சிரில் எழுந்தான். தோளில் விழ இருந்த சால்வையை ஒரு கையால் தள்ளிவிட்டு நடந்தான். "ஓவரா பண்றாம்பா" என்று ஒருவர் சொன்னது மைக்கிலேயே கேட்டது. அசோகன் மட்டும் அவனோடு எழுந்து போனான்.

பிரதியைப் படித்த நண்பர், "இந்த இடத்தில் அவன் சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கியிருந்தால் உயர்ந்து நின்றிருப்பான்" என்றார். அடிபட்டவன் உயர்ந்து நின்று காட்ட வேண்டும். அடித்தவன் கைதட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட வேண்டும். இதற்கு மனிதநேயம் என்று பெயர். அந்த நண்பருக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. இதுதான் பதில்.

7

இவ்வளவு அடியையும் தாங்கியவன் உடைந்தது ஒரு பள்ளி ஆட்டோவைப் பார்த்து.

மறு வாரம் வழக்கம்போல இறங்கி வந்து வாசலில் நின்றான். குழலி ஆட்டோவில் பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ கிளம்பியது. பவானி அவன் முகத்தைப் பார்க்காமல் கூடையைத் துடைத்தாள்.

"இன்னா பவானியக்கா?"

"உன்னிய நம்பாம இல்ல நைனா. ஊரத்தான் நம்பல."

"அட்ச்சது அவன். பாப்பாகூட போவக்கூடாதுன்னு எனக்கா தண்டன?"

"நாளைக்கு எவனாச்சும் மறுக்கா உன்னிய அட்ச்சா, அத்தயும் அவ பாத்துகினு நிக்கணுமா? தூக்கத்துல கத்தறா நைனா. உம் பேரச் சொல்லித்தான் கத்தறா."

அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திருமுருகன் மேல் கோபப்பட முடிந்தது, செங்குட்டுவன் மேல் முடிந்தது. பவானி மேல் முடியவில்லை. இருந்தும் கோபம் வந்தது. போக இடமில்லாத அந்தக் கோபத்தில் அவன் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தான். கீழே பவானி, சுவர்க் காரை உதிர்ந்து விழுவதைக் கேட்டும் மேலே ஏறி வரவில்லை.

8

முடிவு வேண்டும் என்பீர்கள்.

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், கட்டுப்போட்ட கையோடு சிரில் கோல் போடுகிறான், திருமுருகன் கேலரியில் அழுகிறான், குழலி மைதானத்துக்குள் ஓடி

இல்லை. மணிக்கட்டு சரியான பிறகும் செங்குட்டுவன் அவனை ஆட்டத்தில் இறக்காமல் வெளியிலேயே உட்கார வைத்தார். புகாரை அவன் வாபஸ் வாங்கவில்லை. நீதிமன்றம் தேதி கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே அவன் விசா முடிந்தது. கல்கத்தாவும் கூப்பிடவில்லை. நடந்தது இதுதான். இதைப் போட்டு முடித்தால் 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். அந்தச் சொல்லை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

ஆகவே அவன் கிளம்புவதற்கு முன் வந்த ஒரு மதியத்தில் உங்களை நிறுத்துகிறேன்.

பலத்த மழை வரப்போகிறது என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆட்டோ வரவில்லை. பவானி போனை எடுக்கவில்லை. முன்பு பவானி கொடுத்து வைத்திருந்த சிரிலின் எண்ணுக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சிரில் போனான். குழலி ஓடி வந்து சுண்டுவிரலைத் தேடினாள். அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கை வேணா, குழலி. பக்கத்துல நட."

"ஏன்?"

"வேணா."

தெருவில் அவள் ஓர் ஓரம், அவன் ஓர் ஓரம். அவள் நின்றால் அவனும் நின்றான். பார்க்கிறவர்களுக்கு ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர். அப்படியே எண்ணூர் ரோடு வந்துவிட்டது. லாரிகள் அன்று வரிசையில் நிற்கவில்லை. மழைக்கு முன் துறைமுகத்துக்குள் போய்விட எல்லாம் விரட்டிக்கொண்டு வந்தன. ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க முடியாத ரோடு.

குழலி அவன் பக்கம் வந்து கையை நீட்டினாள். அவனுடைய கைகள் பைக்குள்தான் இருக்கின்றன. எதிர் டீக்கடையில் ஆட்கள் திரும்புகிறார்கள். ஒருவன் போனை உயர்த்துகிறான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். குழலியே சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொல்லமாட்டேன். சொன்னால் மூச்சு விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள்.

அந்த டீக்கடை பெஞ்சில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன் தூக்கியவன் உங்களுக்குப் பக்கத்தில். அவனை உங்களுக்குத் தெரியாது, அந்தக் கறுத்த பையனையும் தெரியாது, அவன் யார் வீட்டு ஆள் என்பதும் தெரியாது. பிள்ளை இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

டீயைக் கீழே வையுங்கள். எழுந்திருங்கள்.