பிடிமண்

கேம்ப்பின் கடைசி லாரி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கடையைத் தாண்டிப் போனது. கட்டில்களையும் கால் ஒடிந்த பெஞ்சுகளையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அப்பா கடை வாசலில் நின்று கையைத் தூக்கினார். லாரியில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச்சாரியில் பரோட்டாக் கடை பூட்டிக் கிடந்தது. ஏ.டி.எம். பெட்டியை முந்தின வாரமே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் உள்ளே ஷூ பாலிஷ் டப்பாக்களைத் துடைத்து அடுக்கினேன். இனி அவற்றை வாங்க ஆள் கிடையாது. எங்கள் ஊரில் ஷூ போடுகிறவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள் மட்டும்தான், அதுவும் ஒரே நாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு பஸ் ஸ்டாப்பும் கருவேலமரங்களும்தான் இருந்தனவாம். சாக்கோட்டைக்குப் போகிற பஸ் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. பிறகு பட்டாளத்துக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கேம்ப் வந்தது. பெரிய கண்மாயையும் சேர்த்து வளைத்துப் பன்னிரண்டு அடியில் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு வெளியே கேட்டைப் பார்த்து ஒரு தெரு முளைத்தது. ஜெராக்ஸ் கடை, சலூன், யூனிபார்ம் தைக்கிற கடை. வயலை மேடாக்கி மாடி வைத்து லைன் வீடுகள் கட்டி இந்தியில் போர்டு மாட்டினார்கள். அப்பா கேம்ப் மெஸ்ஸுக்குக் காய்கறி போட்டார். ஒன்பதாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடையில் உட்கார வைத்தார்.

"இங்க உக்காந்தா இந்தியும் சேத்துப் படிக்கலாம்ல?" என்றார்.

படித்தேன். பாலிஷ் இல்லை, சில்லறை இல்லை, நாளைக்கு வா. இந்தியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இல்லை என்று சொல்வதுதான். இப்போது இந்தக் கேம்ப்பை வடக்கே எங்கேயோ இருக்கும் இன்னொரு கேம்ப்போடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

கண்மாயைக் கொடுத்தபோது, சாமிக்கு மண் எடுக்க வருடம் ஒருமுறை உள்ளே விடவேண்டும் என்று ஊர் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. வருடா வருடம் ஆனியில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து புரவி எடுக்கிறோம். அதற்கு முன்னால் ஊர்க் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்க வேண்டும். அந்த மண்ணைக் கலந்துதான் அவர் குதிரையைச் செய்யத் தொடங்குவார். அது கலக்காத குதிரை வெறும் பொம்மை, அய்யனார் ஏறமாட்டார். மண் எடுப்பது ஊர்த் தலைவரான அம்பலத்தின் உரிமை. ஆனால் பாஸ் இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். பாஸ் அப்பாவிடம் மட்டும் இருந்தது. அதனால் அம்பலத்துக்குப் பதிலாக அப்பா போனார். மண் வைக்கிற ஓலைக் கொட்டானைக் கன்னிப்பெண் சுமந்தால்தான் சுத்தம் என்று புதிதாக ஒரு வழக்கத்தையும் சொல்லி எனக்கும் பாஸ் வாங்கினார். வெளியாள் யாரையும் உள்ளே கூட்டிப்போக அவருக்கு விருப்பமில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் கிராவல் லாரிகள் வரிசையாக உள்ளே போயின. "ரோடு போடுறாக" என்று அப்பா ஊரில் சொன்னார். அவர்கள் கண்மாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தால் ஊரே கேட்டில் உட்காரும், காய்கறி வியாபாரம் போய்விடும். அந்த ஆனியில் எங்கள் லோடு ஆட்டோ திருப்பத்தூர் ரோட்டுச் செங்கல் சூளையில் நின்றது. குழியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் போட்டு, மஞ்சள் துணி மூடி, முட்டைக்கோசுக்கு அடியில் வைத்தார். கேம்ப்புக்குள் அரைமணி நேரம் மெஸ் பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். கொட்டானைத் தலையில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கு வெளியே வந்தபோது கொட்டு முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். கருத்தையா வேளார் மண்ணை வாங்கி விரல்களுக்கிடையே தேய்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். இப்படி நாலு வருடம்.

இந்த வருடம் கேட் திறந்து கிடந்தது. "பாஸும் வேணாம், பதிலாளும் வேணாம். நானே எடுக்குறேன்" என்றார் அம்பலம் சேவுகப்பெருமாள். வெள்ளிக்கிழமை காலை ஊரே அவர் பின்னால் போனது. அப்பா முந்தின நாளே காய்ச்சல் என்று படுத்திருந்தார். ஆள் அனுப்பி எழுப்பிக் கூட்டிவந்தார்கள். எப்போதும் போல் என் தலையில் காலிக் கொட்டானை வைத்தார்கள்.

கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்பலம் உள்ளே நடந்தார். மெஸ்ஸைத் தாண்டியதும் நின்றுவிட்டார். எதிரே மட்டமான மைதானம். வெள்ளைக் கோடுகள். நடுவில் கொடியில்லாத கம்பம்.

"கம்மா எங்கய்யா?" என்றாள் கூட்டத்தில் இருந்த சோணையம்மாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தரையைப் பார்த்தார். லைன் வீட்டு மாடிகளில் துணி காயப்போட்டவர்களுக்கு இந்த மைதானம் தெரியாமல் இருந்திருக்காது.

"நாலு வருசமா எந்தக் கம்மாயில மண்ணெடுத்தீக, முத்தரசு?" அம்பலம் குரலை உயர்த்தவில்லை.

"கெழக்கு மூலைய மூடாம விட்டிருந்தாகண்ணே. போகும்போதுதான் அதையும் தூத்துட்டாக. சாமி மண்ணுல பொய் சொல்லுவேனா?" அப்பாவின் கை என் பக்கம் நீண்டது. "பிள்ளையக் கேளுங்க. அவதான சொமந்தா."

எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை முகங்கள் என்னைப் பார்த்ததே இல்லை.

"அது எங்க பேசப்போகுது? கடைக்காரர் மக வாயத் தொறக்க இந்திக்காரனத்தான் கூட்டியாரணும்" என்றாள் சோணையம்மாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எடத்தக் காட்டுத்தா, போதும்" என்றார் அம்பலம். "தோண்டிப் பாத்துக்குவோம்."

அப்பா கண்ணாலேயே கிழக்கைக் காட்டினார். நான் அங்கே போய் நின்றால் போதும், தோண்டுவார்கள். எந்த ஆழத்திலாவது கண்மாயின் பழைய கரம்பை மண் கறுப்பாக வரும். அப்பா தப்பிவிடுவார். நான் மறுபடியும் கடையில் உட்காருவேன்.

வேளார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி நடந்தேன்.

"ஏய், அங்குட்டு எங்க போற? கெழக்கு இங்குட்டுல்ல இருக்கு" என்றார் அப்பா.

மெஸ்ஸைத் தாண்டினேன். கேட்டைத் தாண்டினேன். எங்கள் கடை வாசலில் அம்மா நின்றிருந்தாள். பார்க்காமல் தாண்டினேன். பின்னால் முதலில் ஒரு ஜோடிக் காலடிச் சத்தம், பிறகு பல. அப்பாவின் குரல் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. பூட்டிய கடைகளுக்கு நடுவே திருப்பத்தூர் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். தார் கொதித்தது. அம்பலம் செருப்பை எடுக்க மறந்து வெறுங்காலோடு வந்தார். கொட்டுக்காரர் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குச்சியைத் தோலின்மேல் வைத்தபடியே நடந்தார். தலையில் கொட்டான் கனமில்லாமல் ஆடியது. தூரத்தில் சூளைப் புகை தெரிந்தது.