முப்பத்தோராம் கடிதத்துக்குப் பிறகு

பல் செட்டு செய்கிறவருக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது வாய்தான். மாஸ்டரும் அப்படித்தான். பேருந்தில் எதிரே இருப்பவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும், மேல்வரிசையில் எது சொந்தப் பல், எது வைத்த பல் என்று பிரித்துவிடுவார். "மனுஷங்க பேசும்போது முகத்தைப் பாருங்க, வாயை விடுங்க" என்று அவர் மனைவி இடுப்பில் கிள்ளுவாள்.

கிள்ளுவதற்கு ஆள் இல்லாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவருடைய பட்டறை. காலையில் போய்க் கதவைத் திறப்பார். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றுவார், மெழுகில் பல் அடுக்குவார், இளஞ்சிவப்பு ஈறு செய்வார், மோட்டாரில் தேய்ப்பார், மாலையில் பூட்டிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். இப்போது எந்தப் பாட்டைப் போட்டாலும் அதில் எங்காவது ஒரு வரி வந்து குத்தியது. அதனால் ரேடியோவின் மேல் பிளாஸ்டர் தூசி ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

மனைவியின் தங்கைதான் ஒருநாள் வந்து அந்தத் தூசியைப் பார்த்தாள். அவருடைய போனைப் பிடுங்கி எதையோ அழுத்தினாள்.

"அத்தான், பாட்டு வேண்டாம்னா விடுங்க. இதைக் கேளுங்க. பழைய ஞானப் புத்தகமெல்லாம் எங்க கோயில்ல ஒரு அம்மா வாசிச்சுப் போட்டிருக்காங்க. கண்ணு தெரியாதவங்களுக்காக ஆரம்பிச்சது. இப்ப எல்லாரும் கேக்கிறாங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு புத்தகத்தைத் திறந்திருப்பீங்களா?"

மாஸ்டர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். ஆனால் நிற்பது கதவோரம். பிரசங்கம் நீண்டால் வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஞானப் புத்தகம் என்றாலே சாமியார்களுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார். மச்சினியின் முகத்துக்காக, போனில் அவள் திறந்து வைத்த பதிவுப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தியானங்கள், தவமுனிவர்களின் போதனைகள், புனிதர் வரலாறுகள் என்று போய்க்கொண்டே இருந்தது. அதில் எது சின்னதாக இருந்ததோ அதை எடுத்தார். சில நூறு வருஷங்களுக்கு முன்பு ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்து மடத்தில் இருந்த துறவி, தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். அந்தத் தங்கை புருஷனை இழந்தவள் என்பது முதல் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது நிறுத்தத் தோன்றவில்லை.

நிறுத்தாததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உங்களுக்கு வந்த கடிதத்தை உங்களுக்கே படித்துக் காட்டுகிற குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்காம் கடிதம்" என்று சொல்லும். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்கும். தாள் திருப்பும் சத்தம் கேட்கும். ஆறாம் கடிதத்தின் நடுவில் எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. "மன்னிக்கணும், மூடி" என்று சொல்லிவிட்டு, கடவுளின் இரக்கத்தைப் பற்றிய வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து அந்தம்மா எடுத்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது மாதத்தில் பட்டறைக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒன்பதாம் கடிதம் அவரை அசைத்துவிட்டது. செத்துப்போன புருஷனுக்குத் தான் பேசுவது கேட்குமா என்று தங்கை கேட்டிருக்கிறாள். துறவி சுற்றி வளைக்கவில்லை. அது எனக்குத் தெரியாது என்று நேராகவே எழுதுகிறார். ஆனால் ஆண்டவருக்குக் கேட்கும். அதனால் உன் புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லி வை. சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறக்கிற ஆள் இல்லை இவர் என்கிறார்.

மாஸ்டர் மெழுகுக் கத்தியை வைத்துவிட்டார். அறையில் யாரும் இல்லை. இருந்தும் கதவைச் சாத்தினார்.

"ஆண்டவரே, அவகிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். "சமையல்கட்டுக் குழாய் ஒழுகுறதை மாத்தியாச்சு. மூணு வருஷமா கத்திக்கிட்டே இருந்தா. இப்பத்தான் மாத்தினேன். அதையும் சொல்லிடுங்க."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டார். பிடித்ததை இரண்டு மூன்று நாள் திரும்பக் கேட்பார். ராத்திரி தூக்கம் வந்தது. சோறு ருசித்தது. கோயிலில் கதவோரத்திலிருந்து தூண் பக்கம் நகர்ந்து, ஒருநாள் உட்காரவே செய்தார். "என்ன அத்தான், கால் வலியா?" என்று மச்சினி வம்புக்கு இழுத்தாள்.

இருபத்தைந்தாம் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய தொழில்காது விழித்துக்கொண்டது. 'த' கொஞ்சம் வழுக்கியது. நாக்கு முட்டுகிற இடத்தில் பல் கெட்டியாக நின்றால்தான் அந்த எழுத்து தெளிவாக விழும். இருபத்தெட்டில் 'வ'வுக்குள் காற்று புகுந்தது. முப்பதில் அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, பல்லுக்கு வலிக்காமல் வாசிப்பது அவருக்குப் புரிந்தது. 'மேல் முன்பல் ரெண்டும் ஆடுது. ஈறு போயிடுச்சு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பதிவின் தேதியைப் பார்த்தால் ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது. அவர் காதில் இப்போது ஆடுகிற பல் நிஜத்தில் எப்போதோ விழுந்திருக்கும்.

முப்பத்தோராம் கடிதத்தோடு பட்டியல் முடிந்தது. அதற்குக் கீழே, பல மாதம் கழித்துப் போட்ட அரை நிமிஷப் பதிவு ஒன்று இருந்தது. "என்னால் இனி தெளிவாக வாசிக்க முடியவில்லை. மீதியை வேறு யாராவது வாசிப்பார்கள். இதுவரை கேட்டவர்களுக்கு நன்றி." அந்த அரை நிமிஷத்தில் ஒவ்வொரு 'ச'வும் சீழ்க்கை அடித்தது. மாஸ்டர் நான்கு தடவை கேட்டார். பிறகு மச்சினிக்குப் போன் போட்டார்.

"அந்தம்மாவுக்கு யாரோ செட்டு செஞ்சு கொடுத்திருக்காங்க. மகா மோசமான செட்டு. அவங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம டாக்டரம்மாகிட்ட வா. நான் புதுசா செஞ்சு தரேன். காசெல்லாம் பேசப்படாது."

"கேட்டே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிப்பேன்."

டாக்டரம்மா அவருக்கு இருபது வருஷப் பழக்கம். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். குறித்த நாளில் மாஸ்டர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். குரலை வைத்து உயரமான ஒருவரைக் கற்பனை செய்திருந்தார். நாற்காலியில் இருந்ததோ, கால் தரையில் எட்டாத, அறுபதைத் தாண்டிய ஒரு சின்ன உருவம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவராம். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம், தம்பி? வீட்டுல பேச இது போதும். வாசிக்கத்தான் வரல. இயேசுன்னு சொன்னா விசில் அடிக்குது. அவர் பேரைச் சொல்லி நானே விசில் அடிக்கலாமா? அதான் நிறுத்திட்டேன்."

டாக்டரம்மா செட்டைக் கழற்றி, கழுவி, மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அண்ணத்தை மூடுகிற தகடு தடியாக, மேடு பள்ளமாக இருந்தது. முன்பற்கள் ஒரு நூல் உள்ளே தள்ளி நின்றன. எவன் இப்படிச் செய்தான் என்று கேட்க வாயெடுத்தவர், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஊசியால் போட்ட சின்னக் கீறலைப் பார்த்தார். நேராக ஒரு கோடு. அதன் தலையில் ஒரு புள்ளி. தன் கையிலிருந்து போகிற ஒவ்வொரு செட்டிலும் அவர் போடுகிற அடையாளம் அது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார்.

"என்ன மாஸ்டர்?"

"இது என் வேலை, டாக்டரம்மா. வேற டாக்டர் மூலமா வந்திருக்கும். அவ போன புதுசு. அந்த நாலஞ்சு மாசம் நான் என்ன செஞ்சேன்னே எனக்கு ஞாபகமில்ல."

டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்தினார். "அந்தம்மாவுக்குத் தெரியாது. புதுசு செஞ்சு கொடுத்துட்டா முடிஞ்சது."

"அவங்க குரல்தான் என்னை எழுப்பி உட்கார வச்சது. அந்தக் குரலை நான்தான் அடைச்சிருக்கேன். சொல்லாம எப்படி அவங்க முகத்தைப் பார்ப்பேன்?"

"அப்ப போய்ச் சொல்லுங்க. நான் கூட நிக்கறேன்."

மாஸ்டர் உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து சொன்னார். மனைவி போனதையும், கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக வேலை செய்ததையும், கீறலையும் ஒளிக்காமல் சொன்னார். ஒன்பதாம் கடிதம் தன்னை என்ன செய்தது என்பதையும் சொன்னார். அந்தம்மா பல் இல்லாத வாயோடு, கையால் மறைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா, தம்பி?" என்றார் கடைசியில். "எட்டு வருஷமா வாசிச்சேன். கேக்கிறவங்க பாராட்டப் பாராட்ட எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துடுச்சு. அதான் ஆண்டவர் போதும்னு வாயை அடைச்சிட்டார்னு நினைச்சேன். இத்தனை மாசமா அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்." குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "அவர் இல்லையா அது? நீங்களா?"

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். மச்சினியும் சிரித்தாள். டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

"எனக்குப் பெரிய பாரம் இறங்கிச்சு" என்றார் அந்தம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் என்மேல கோபமா இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. இதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அந்த செட்டுக்கு மாஸ்டர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அச்சு எடுத்து, தாடை அளவு பார்த்து, மெழுகில் பல் அடுக்கி, கிளினிக்குக்குக் கொண்டுபோனார். "வாசிங்கம்மா" என்றார். அந்தம்மா பையிலிருந்து அட்டை கிழிந்த கடிதப் புத்தகத்தை எடுத்தார். மெழுகுச் செட்டோடு ஒரு பக்கம் வாசித்தார். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நின்றார். வாயைப் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்று பயம்.

"நிறுத்துங்க. 'வ' இன்னும் சரியில்ல. கீழுதட்டுக்குப் பல் எட்டல." முன்பற்களை ஒரு மயிரிழை வெளியே நகர்த்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். 'வாழ்க்கை' என்ற சொல்லில் 'ழ' மூச்சு முட்டியது; நாக்கு மடிந்து மேலே போக இடமில்லை. அண்ணத் தகட்டை அந்த இடத்தில் சுரண்டி மெல்லிதாக்கினார். 'ச'வுக்குத்தான் நாலு தடவை ஆயிற்று. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டைக் குறைத்தால் காற்று சிதறியது; கூட்டினால் சீழ்க்கை வந்தது. நோயாளிகள் வெளியே காத்திருந்தார்கள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை.

நாலாம் தடவை, அந்தம்மா தானாகவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இயேசு" என்றார். சீழ்க்கை இல்லாமல், சுத்தமாக விழுந்தது. "இயேசு, இயேசுவே" என்றார். பிறகு கையைக் குவித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். மாஸ்டரும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார்.

மெழுகைக் கெட்டி செட்டாக மாற்றிப் பளபளவென்று மெருகேற்றிக் கொடுத்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் மணி அடித்தது. பட்டியலில் புதிதாக ஒன்று வந்திருந்தது. மாஸ்டர் மோட்டாரை அணைத்தார். செருமல் கேட்டது. "முப்பத்திரண்டாம் கடிதம்." ஒரு மூச்சு. பத்து நிமிஷமும் அவர் நின்றுகொண்டே, நகம் கடிக்காத குறையாகக் கேட்டார். முடிந்ததும் செய்தி அனுப்பினார்: 'கேட்டேன் அம்மா. ச சுத்தம். ழ சுத்தம். வ மட்டும் ரெண்டு நாள்ல பழகிடும்.'

உடனே பதில் வந்தது: 'பல்லை மட்டும்தான் கேட்டீங்களா? துறவி என்ன எழுதியிருக்கார்?'

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வரிகூட மனசில் நிற்கவில்லை. ஸ்டூலை ஜன்னலோரம் போட்டு, டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, முதலிலிருந்து போட்டார்.