பாதிச் சவரம்

உலகத்திலேயே மோசமான சவரக்காரன் என் நண்பன்தான். அவன் தொழில் சவரமில்லை, லிஃப்ட் மெக்கானிக். என் தாடையைத் துருப்பிடித்த போல்ட் என்று நினைத்துக்கொண்டு சுரண்டுவான். பத்தொன்பது வருடம் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தோம். எல்லோருக்கும் அவன் 'ஸ்பேனர்'. ஸ்பேனரையாவது திருப்பலாம், இவனைத் திருப்ப முடியாது.

அவனுக்குப் பக்தி என்றொரு வியாதி உண்டு. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறுவதற்கு முன் அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பான். "உன் சாமிக்கு ரோப் பத்தி என்னடா தெரியும்?" என்று பத்தொன்பது வருடமும் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், அந்த அரை நிமிடம் பொறுக்காமல் முந்திக்கொண்டு ஏறினேன். அவன் வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்தபோது நான் கால் இடறி இரண்டு மாடி கீழே கிடந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. வலக்கை பெயருக்குத்தான் இருக்கிறது.

முதல் மாதம் ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வந்தது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தபடியே "தைரியமா இரு" என்றார். நான் இருப்பது நாலாவது மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடி இரண்டு வருடமாகிறது. மூன்றாவது மாதம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முட்டிவலி வந்துவிட்டது. நிஜமாகவே முட்டிவலி உள்ளவன் ஸ்பேனர் ஒருவன்தான். அவன் மட்டும் ஞாயிறு தவறாமல் ஏறி வந்தான்.

வந்து என்ன செய்தான்? கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, சோப்பு நுரையை என் முகத்தில் அப்பி, ரேஸரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வேண்டுவான். "வேண்டிக்க வேண்டியவன் நான்டா," என்பேன்.

இந்தப் பொறுமைசாலிகளைக் கண்டாலே எனக்கு எரியும். வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். என் மனைவி விடியும் முன்னே எழுந்து, என்னைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்துக்குப் போய் மதியம்வரை படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருவாள். வந்ததும் மறுபடி என்னைப் புரட்டுவாள். முகம் சுளிக்கவே மாட்டாள். சுளித்துத் தொலைத்தால்தான் என்ன? சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம், "பரிதாபப்பட்டது போதும். உங்க அண்ணன் வீட்டுக்குப் போய்த் தொலை," என்று கத்தினேன்.

அவள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கி, கதவோரம் வைத்தாள். "நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து கிளம்பறேன்," என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். உள்ளே பயம்தான். வெளியே காட்டிக்கொள்ள நான் என்ன ஸ்பேனரா?

ஞாயிறு காலை அவன் என் வலது கன்னத்தை முடித்த நேரத்தில்தான் பெட்டியைக் கவனித்தான்.

"என்னடா இது?"

"கிளம்பறா. நான்தான் போகச் சொன்னேன். ஊர் வாய்க்குப் பயந்துதான் இவ்வளவு நாள் இருந்தா. நீயும் அப்படித்தான வர்ற? நான் விழுந்தப்ப கண்ண மூடி நின்ன குத்த உணர்ச்சி."

அவன் ரேஸரைக் கழுவித் துடைத்தான். துண்டை மடித்து நாற்காலியில் போட்டான்.

"தங்கச்சி வந்ததும் அவகிட்ட நல்லதா ஒரு வார்த்தை பேசு. அப்புறம் கூப்பிடு, மீதிய முடிக்கறேன்."

"டேய், பாதி மூஞ்சியோடவா விட்டுட்டுப் போற?"

"முழு மூஞ்சி இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு?"

கதவைச் சாத்திக்கொண்டு போயேவிட்டான். சோப்பு காய்ந்து இடது கன்னம் அரித்தது. மேசைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் ஜெயிலிலிருந்து தப்பியவன். படுபாவி.

மதியம் மனைவி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கித் தொலைத்தது.

பெட்டி கண்ணில் பட்டதும் அவள் சிரிப்பு நின்றது. குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அப்ப நான் கிளம்பட்டுமா?"

நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? வாய்க்குள் துழாவினால் வசவுகள்தான் கிடைத்தன.

"சாப்பிட்டியா?" என்றேன்.

நல்ல வார்த்தையாம்! தெருவில் போகிறவன்கூடக் கேட்பது. ஆனால் ஏழு மாதத்தில் நான் அவளிடம் கேட்டதெல்லாம் தண்ணீர், மாத்திரை, தலையணை. அவள் கைப்பிடியை விட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல," என்றாள். பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சமையலறைக்குப் போனவள் வாசலில் நின்றாள்.

"ஸ்பேனர் அண்ணன் மூணாவது மாடிப் படியில உக்காந்திருக்கார். காலைலேர்ந்து அங்கதானாம். கண்ண மூடிக்கிட்டு."

"என்ன வேண்டறானாம் அந்த மடையன்?"

"கேட்டேன். நீங்க கூப்பிடணுமாம்."

அவன் சாமியை நான் பேசாத பேச்சில்லை. இப்போது அவன் வேண்டுதல் பலிக்க நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

"டேய் ஸ்பேனர்! சோப்பு காஞ்சு போச்சு, ஏறி வாடா!"

இன்னும் வேண்டிக்கொண்டிருப்பான். முடிக்கட்டும் என்று அரை நிமிடம் பொறுத்திருந்தேன்.