விரிப்புக்குள் போன குட்டை ஊசி

மெத்தைக்கடை அக்காவுக்குக் கையில் அகப்பட்ட ஊசியெல்லாம் ஆகாது. அரை விரல் நீளத்தில் குட்டை ஊசி ஒன்று வைத்திருந்தாள். பஞ்சு விரிப்பு தைக்க அதுதான் வேண்டும். அன்று காலை கடையைத் திறந்து ஊசிகள் குத்திவைத்திருக்கும் துணிப்பொட்டலத்தைப் பார்த்தால் மற்றதெல்லாம் இருக்கிறது, அது இல்லை. மேஜைக்கு அடியில் துழாவினாள், பாயை உதறினாள், கொண்டையைக்கூடத் தடவிப் பார்த்தாள். கடைசியாக அதை எதற்கு எடுத்தோம் என்று யோசித்தவளுக்குப் பகீரென்றது. தம்பி குழந்தையின் விரிப்புக்கு.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. மூன்றும் நகராமல் இருக்க முதலில் நீள நீளமாய் ஒரு தையல் ஓட்டிக்கொள்வாள். அப்புறம் பொடித் தையலாக வரிசை வரிசையாய்ப் போட்டுவிட்டு, அந்த நீளத் தையலை உருவி எறிவாள். ஒரு வரிசை முடிந்தால் நூலை அறுக்க மாட்டாள். ஊசியை வெளியே காட்டாமல் பஞ்சுக்குள்ளேயே நழுவவிட்டு அடுத்த வரிசையில் எடுப்பாள். முடிச்சு உள்ளே, நூலும் உள்ளே. எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. அதில் அக்காவுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அப்படி ஊசி உள்ளே போயிருந்த நேரத்தில்தான் தம்பி போனில் கூப்பிட்டு, "அக்கா, பொண்ணு பொறந்திருக்கா!" என்றான். விரிப்பை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் இருந்த பரபரப்பில் கைக்கு அகப்பட்ட வேறு ஊசியில் நூல் கோத்து வேறு மூலையில் ஆரம்பித்துவிட்டாள். கொடுக்கும் முன் விரிப்பைத் திருப்பிப் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். சந்தோஷத்தில் அதுவும் விட்டுப்போனது.

வேறு யார் வீட்டு விரிப்பாக இருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். ஆனால் தம்பி கல்யாணம் பேசியபோது, "இந்தப் பொண்ணு நம்ம குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராது" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரேயே சொன்னவள் இவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. அன்றிலிருந்து தம்பி மனைவி இவளிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை, அண்ணி என்று கூப்பிட்டதில்லை, இவள் கொடுத்த எதையும் வாங்கியதில்லை. முதன்முதலாக வாங்கிக்கொண்டது இந்த விரிப்பைத்தான். அதற்குள் ஊசி என்றால் மறதி என்று யார் நம்புவார்கள்?

கடையைப் பூட்டினாளா என்பதுகூட நினைவில்லாமல் நடந்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு தெரு வரைக்கும் நினைத்தாள். அடுத்த தெருவில் வேண்டாம் என்று தோன்றியது. எப்படியாவது விரிப்பை வாங்கிவந்துவிட்டால் போதும்.

தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். கூடத்தில் குழந்தை அந்த விரிப்பின் மேலேயே கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போச்சும்மா. குடு, போட்டுக் கொண்டுவந்து தரேன்."

"பரவால்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

"துவைச்சா பஞ்செல்லாம் ஒரு பக்கமா கூடிக்கும்."

"கூடட்டுங்க."

கல்லுளிமங்கி! அக்கா தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைக் கொஞ்சுகிற சாக்கில் விரிப்பைத் தடவினாள். "என் தங்கமே, ராசாத்தியே" என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்ல, கை பஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. குழந்தை திடீரென்று வீறிட்டது.

அக்கா அதை வாரி எடுத்தாள். "உள்ள ஊசி இருக்கும்மா! என் ஊசி. சத்தியமா மறந்துதான் போச்சு, வேணும்னு செய்யல. முதுகைப் பாரு, முதுகைப் பாரு!"

தம்பி மனைவி பதறவில்லை. "பசிக்கு அழுவுறா. குடுங்க" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். திரைச்சீலை மடிப்பிலிருந்து எதையோ உருவி வந்து நீட்டினாள். குட்டை ஊசி. காதில் அதே நூல் தொங்கியது.

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க குடுத்த அன்னிக்கே எடுத்துட்டேன். படுக்கவைக்கிறதுக்கு முன்னாடி அழுத்திப் பாத்தேன். உங்க மேல நம்பிக்கை இல்லாமத்தான் பாத்தேன்."

"தம்பிகிட்ட..."

"சொல்லல. முதல்ல நானும் தப்பாத்தான் நெனச்சேன். அப்புறம் பாத்தா ஊசி நூலோட இருக்கு, நூலு கடைசித் தையல்ல மாட்டியிருக்கு. வேணும்னு வைக்கிறவங்க அப்படியா வைப்பாங்க? சரி, நெனப்பு வந்தா நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா ஓரத் தையல்னு ஆரம்பிக்கிறீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பெண்ணையா சரிப்பட்டு வராது என்றோம் என்று நினைக்கையில் வெட்கம் பிடுங்கித் தின்றது. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றாள். அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

தம்பி மனைவி குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தபடி, காலால் விரிப்பை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"நடுவுல ஒரு வரிசை தைக்காமலே கிடக்கு. உக்காந்து முடிச்சுட்டுப் போங்க, அண்ணி."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தைத்தாள். வழக்கமான பெருமை எல்லாம் ஒதுங்கிக்கொண்டது. ஊசியை ஒவ்வொரு முறையும் வெளியே இழுத்து, கண்ணால் பார்த்து, மறுபடி குத்தினாள். முடித்ததும் நூலை அறுத்து ஊசியைத் தம்பி மனைவியின் கையில் வைத்தாள்.

அவள் அதைத் திரைச்சீலையில் குத்தினாள். விரிப்பைத் திருப்பிப் போட்டு, அக்காவின் கண் முன்னாலேயே மூலைக்கு மூலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் பிள்ளையைப் படுக்கவைத்தாள்.