ஒன்பதாம் வரிசை

எங்கள் மேட்டு நிலத்தில் பன்னிரண்டு வரிசை பீன்ஸ் போட்டிருந்தோம். வரிசைக்கு ஒரு புது ரகம், முனையில் எண் எழுதிய குச்சி. விதை கொடுத்த ஆராய்ச்சிக்கார அம்மா ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: பூ வந்த பிறகு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. சாவது சாகட்டும், தாக்குப்பிடிக்கிற ரகத்தைத்தான் அடுத்த பருவம் முழு நிலத்திலும் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு பருவம் கருகிவிட்டது. இன்னொன்று கருகினால் நிலத்தை விட்டுவிடுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம்.

நாலாம் வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதை நட்டவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ஒன்பதாம் வரிசைக்கு அவன் 'சவலை' என்று பெயர் வைத்திருந்தான். முழங்கால் உயரம், காய்ந்த இலை.

அறுவடை அன்று காலை நாலாம் வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரோடு சேறு வந்தது.

"டேய், என்னடா இது?"

"பனியா இருக்கும் மாமா."

"நாலாம் வரிசைக்கு மட்டும் பனி பெய்யுதா?"

மச்சினன் இளித்தான். "வாடி நின்னுச்சு, பாக்கப் பொறுக்கல. தெனம் காலைல நாலஞ்சு குடந்தான் ஊத்துனேன். அது என்ன கொலைக் குத்தமா?"

என் கையில் மண்வெட்டி இருந்தது. காம்பைத் திருப்பி அவன் தோளில் இறக்கினேன்.

"இத நம்பி நெலம் முழுக்கப் போட்டிருப்பேனேடா! அப்ப குடத்தத் தூக்கிக்கிட்டு எத்தன ஏக்கருக்கு ஓடுவ?"

அடுத்த அடியில் எண் குச்சி ஒன்று பறந்தது. அவன் தலையால் என் வயிற்றில் மோதினான். இரண்டு பேரும் வரிசைகளின் மேலேயே உருண்டோம். என் காதைக் கடித்தான். வாயிலேயே குத்தினேன்; என் விரல் கிழிந்தது, அவன் பல் போனது. அவன் கல்லை எடுத்து ஓங்கினான். ஓடி வந்த என் மனைவி அவன் கையைப் பிடித்தாள். உதறிய வேகத்தில் கல் அவள் நெற்றியைப் பிளந்தது.

அவள் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து, காம்பால் எங்கள் இருவர் முதுகிலும் மாறி மாறிப் போட்டாள்.

"சாவுறதுன்னா வரப்புக்கு அந்தாண்ட போயி சாவுங்கடா ரெண்டு பேரும்! எதும்மேல கெடக்கீங்கன்னு பாருங்க!"

சவலையின் மேல் கிடந்தோம். முதுகுக்கடியில் நசுங்கி வெடித்த காய்களில் ஆறு ஆறாக வெள்ளை விதை, கெட்டியாக. இலைதான் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் எல்லோரும் நின்றபடி பச்சையையே பார்த்திருந்தோம். இதில் ஒரு காயைக்கூடக் குனிந்து பிரிக்கவில்லை.

மச்சினன் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடுற?" என்றாள் மனைவி. கண்ணில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பல்லுதான்க்கா."

"பல்லு கெடக்கு. முதல்ல வெதையப் பொறுக்கு."

மூன்று பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம்.

பத்து மணிக்கு ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். நாலாம் வரிசைக்குத் தண்ணீர் விட்டதை நானே சொன்னேன். அவர் நோட்டில் அந்த வரிசையைக் கோடு போட்டு அடித்தார். மற்ற வரிசைகளையெல்லாம் பறித்து உரித்து எடை போட்டு, கடைசியில் ஒன்பதின் தட்டைத் தராசில் வைத்தார். விரலால் கிளறி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வெதை இல்லையே?"

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினான்.

அதை எடுத்துவிட்டு மறுபடி எடை போட்டார். அப்போதும் ஒன்பதுதான் முந்தியது.