நூல் வைத்து அளந்த கழுத்து

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் வீரகத்தியருக்கு மூன்று ஏக்கர் வயல், ஒரு மண்வீடு, அன்னபாக்கியம் என்றொரு மனைவி. பருத்தித்துறையில் இருந்த காலத்தில் மீன் தினமும் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தது. காடு வெட்டிக் குடியேறிய பிறகு கிழமைக்கு ஒருமுறைதான். மீன் அவருடைய சோற்றுக் கோப்பைக்கு, குழம்பு அவளுக்கு. மற்ற நாளெல்லாம் மரவள்ளி. ஆறாம் வருடம் அவளுடைய கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கழலை எழும்பியது. தாலிக்கொடி அதன்மேல் ஏறி இருந்தது.

வீரகத்தியர் நல்ல மனிதர், பிள்ளைகளே. மனைவிக்கு ஒன்று என்றால் சும்மா இருக்க மாட்டார். உடனே வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்: கழலை வற்றும்வரை மீன், மச்சம் விடுவது. விடுவது அவரல்ல, அவள்.

"நான் வயலுக்கை நிக்கிறவன். எனக்குச் சத்து வேணும்," என்றார்.

குழம்பும் போயிற்று. வெள்ளிதோறும் அவர் அவள் கழுத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து முடிச்சுப் போடுவார். முடிச்சு மாதாமாதம் தள்ளிப் போனது.

"உன்ர விரதத்திலை சுத்தம் காணாது," என்றார், பல்லில் சிக்கிய மீன்முள்ளைக் குத்தி எடுத்தபடி. செவ்வாய், வெள்ளியில் சோற்றையும் விடச் சொன்னார். சோற்றுக்குப் பதில்? மரவள்ளிதான்.

கழலை குரும்பை அளவாகி மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகே ஆசுபத்திரிக்கு வண்டில் கட்டினார். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுறனீங்கள், அம்மா?"

"மரவள்ளி, ஐயா."

"மற்றது?"

"மற்றதும் மரவள்ளிதான்."

"அதைக் குறையுங்கோ. கடல்மீன் தின்னுங்கோ. அதிலை இருக்கிற அயடீன்தான் உங்களுக்குக் காணாது. இப்பிடியே விட்டால் கழலை மூச்சை நெரிக்கும்."

வெளியே வந்ததும் வீரகத்தியர் சால்வையை உதறினார். "அப்போதிக்கரிக்கு அம்மனைத் தெரியுமே? நேர்த்தியை முறிச்சால் குடும்பம் விளங்காது."

மறுநாள் முல்லைத்தீவிலிருந்து மீன்கூடையோடு வரும் றோசம்மா படலையில் நின்றாள். "நல்ல பாரை, அண்ணை. அக்காவுக்கும் சேத்துப் போடட்டே?"

"அவ நேர்த்தி."

"ஆர் வைச்சது?"

"நான்தான்."

றோசம்மா கூடையை இறக்கினாள். "அந்தோனியாருக்கு நான் நேர்ந்தால் நான்தான் கோயிலுக்கு நடக்கிறனான். புருசனை நடக்கவிட்டால் அந்தோனியார் சிரிப்பார். உங்கட அம்மன் சிரிக்கமாட்டாவோ?"

வீரகத்தியர் வாயைத் திறக்குமுன் அன்னபாக்கியம் சட்டியோடு வந்தாள்.

"போடு றோசம்மா. எனக்கு மட்டும்." பிறகு அவரைப் பார்த்தாள். "நான் நேர்த்தியை முறிக்கேல்லை, இஞ்சேருங்கோ. நேர்ந்தவர் வாயைக் கட்டட்டும்."

மத்தியானம் அவர் முன்னால் அவித்த மரவள்ளி இருந்தது. அம்மன் காரியம். எப்படி மறுப்பார்?

எட்டு மாதம் போனது. வெள்ளிவரை பொறுக்க அவரால் முடியவில்லை. தினமும் நூலோடு வந்தார். ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை அளந்துவிட்டுத் துள்ளினார்.

"அரை விரற்கடை குறைஞ்சிட்டுது!"

அன்னபாக்கியம் மீன்முள்ளை ஒதுக்கி, தடையில்லாமல் விழுங்கினாள்.

"பாத்தியளே, உங்கட விரதத்துக்கு அம்மன் இரங்கிட்டா. முழுக்க வத்தும்வரைக்கும் விட்டிடாதேங்கோ."