மாப்பிள்ளை காட்டிய மணல்மேடு

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸில் வேலை பார்த்து ரிட்டயரான கண்டக்டரம்மா, பாலைவனத்து ஓரத்தில் இருந்த மகள் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளில் மாப்பிள்ளை அவளிடம் பேசியது மொத்தம் ஆறு வாக்கியம். எண்ணி வைத்திருந்தாள். அதில் மூன்று, மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதைப் பற்றி.

“ஏன்டி, உன் புருஷன் வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று மகளிடம் கேட்டாள்.

மகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். கிளம்பும் அவசரத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, “பேசுவாரும்மா. கொஞ்சம் சூடு ஏறணும்” என்றாள்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை செய்வது வாயை வைத்துப் பிழைக்கும் தொழில். பன்னிரண்டு சீட் வேன் ஒன்று வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க வருகிறவர்களைப் பாலைவனத்துக்குள் அழைத்துப்போய் உப்பு ஏரியையும் பாறை இடுக்கில் இருக்கும் சுனையையும் காட்டிக் கூட்டி வருவார். போய்வந்த ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததை மகள் போனில் காட்டினாள்: ‘வண்டி சுத்தம். டிரைவர் தங்கமானவர். வாய் பேச முடியாதவரோ என்று சந்தேகம்.’ மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வேனில் ஒரு சீட் காலி.

“நானும் வரேன் மாப்பிள்ளை.”

அவர் தலையை ஆட்டினார். அது வாக்கியத்தில் சேராது.

வேனில் ஏறியதும் கண்டக்டரம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றாகப் படித்த ஐந்து நர்ஸுகளைப் பின்வரிசைக்கு நகர்த்தினாள். ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்த புதுமணத் தம்பதியை ஓரமாக உட்கார வைத்தாள். பல் டாக்டர் தம்பதியையும் அவர்களுடைய பதினைந்து வயது மகளையும் ஜன்னல் பக்கம் மாற்றினாள். பெரிய கேமராவுக்குத் தனி சீட் போட்டிருந்த தொப்பிக்காரரிடம், “சாமானுக்கு சீட் கிடையாது சார், மடியில வெச்சுக்கோங்க” என்றாள். அவர் முறைத்துக்கொண்டே எடுத்து மடியில் வைத்தார்.

உப்பு ஏரியில் கண் கூசியது. அடிவானம் வரைக்கும் ஒரே வெள்ளை. காலடியில் முட்டை ஓடு போல நொறுங்கியது. போன வாரத்து மழையில் ஒரு பக்கம் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் வானம் அப்படியே இறங்கியிருக்க, நர்ஸுகள் மேகத்தின் மேல் நடப்பது போலப் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டரம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. இத்தனை உப்பையும் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று வியந்தாள்.

அங்கிருந்து சுனைக்குப் போகும் வழியில் வேன் நின்றது. முந்தின நாள் அடித்த காற்றில் ஒரு மணல்மேடு ஆற அமர நகர்ந்து வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை இறங்கி அதன் மேல் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ரோடு இல்ல” என்றார். அவ்வளவுதான்.

“என்னங்க இது? சுனையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!” என்று தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டார். வேனுக்குள் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கண்டக்டரம்மா இறங்கி மருமகன் பக்கத்தில் போய் நின்றாள்.

“வேற வழி இருக்கா மாப்பிள்ளை?”

“சுனைக்கு இல்ல அத்தை.”

“வேற எதுக்காவது இருக்கா?”

அவர் டயரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “ஒரு மேடு இருக்கு. பாடும்.”

“எது பாடும்?”

“மணல். மேலேருந்து சரிஞ்சா சத்தம் வரும். ஆனா எல்லா நாளும் வராது. அதான் யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல. பாடலைன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே அத்தை.”

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ‘பின்னாடியே காலியா ஒரு வண்டி வருது’ என்று முப்பத்தொரு வருஷம் தினமும் கூசாமல் சொன்னவள் அவள். இவர் மணல் பாடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“பாடலைன்னா நான் பாடறேன். வண்டிய எடுங்க” என்றாள்.

மணலில் புதையாமல் இருக்க நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, தடமே இல்லாத வெளியில் அரை மணி நேரம் ஓட்டினார். மேடு எட்டு மாடி உயரம் இருக்கும். உச்சி கத்தி முனை போல வளைந்து கிடந்தது. நிறம் அவ்வப்போது மாறியது. முதலில் தேன், மேகம் ஒதுங்கியதும் செங்கல். ஒரு பக்கமாக மூச்சு வாங்க ஏறி உச்சியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். செங்குத்தான மறுபக்கத்தில் கண்டக்டரம்மாதான் முதலில் சறுக்கினாள்.

சத்தமே இல்லை. மூட்டை உருண்டது போல ஒரு தொப் மட்டும்.

“இதுக்குத்தான் வந்தோமா?” என்றார் தொப்பிக்காரர்.

மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். “உள்ள இன்னும் ஈரம் இருக்கு. வெயில் ஏறட்டும். ஒரு மணி நேரம்.”

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது நடந்தது. பல் டாக்டரின் மகள் மணலில் எதையோ காட்டி, “அங்கிள், இது என்ன, தையல் போட்ட மாதிரி?” என்று கேட்டாள். அவர் குந்தி உட்கார்ந்தார்.

“வண்டு நடந்த தடம்மா. இதோ, இது நரி. மோப்பம் பிடிச்சு வந்திருக்கு. இதுக்கு மேல வண்டோட தடத்தைக் காணோம், பாத்தியா?”

“ஐயோ, தின்னுடுச்சா?”

“இரு, இரு. இங்க வா.” நாலு அடி தள்ளி மறுபடியும் தையல் தொடங்கியிருந்தது. “மணலுக்குள்ள புகுந்து இந்தப் பக்கமா வந்து தப்பிச்சிருக்கு. நரி அந்தப் பக்கம் தோண்டிட்டே இருந்திருக்கு, முட்டாப்பய.”

நர்ஸுகள் கூடிவிட்டார்கள். காய்ந்த செடியின் வேர் எவ்வளவு ஆழம் போகும், எந்தக் காற்றுக்கு மேடு எந்தப் பக்கம் நகரும் என்று கேள்விக்கு மேல் கேள்வி. மனுஷன் கை நிறைய மணலை அள்ளி அள்ளிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா வாக்கியங்களை எண்ணப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள்.

மணல் உள்ளங்கையைச் சுட்டபோது மாப்பிள்ளை எழுந்தார். “எல்லாரும் ஒண்ணா சறுக்கினா நல்லது.”

பன்னிரண்டு பேரும் உச்சியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கண்டக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, “போலாம், ரைட்!” என்று கத்தினாள்.

முதலில் உட்கார்ந்த இடம் அதிர்ந்தது. பிறகு மலையேறும் பழைய பஸ் இரண்டாவது கியரில் முனகுவது போல அடியிலிருந்து ஒரு குரல் கிளம்பி, வளர்ந்து, மேடு முழுவதும் பரவியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பல் டாக்டர் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தொப்பி தனியாக உருண்டோடியது, அதற்குச் சொந்தக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று முதல் ஆளாக மேலே ஓடினார்.

கண்டக்டரம்மா அடிவாரத்தில் மல்லாந்து கிடந்தாள். காதிலும் மூக்கிலும் மணல். வயிறு வலிக்கச் சிரித்தாள். மாப்பிள்ளை சறுக்கியும் ஓடியுமாக வந்து சேர்ந்தார்.

“அடி பட்டுடுச்சா அத்தை?”

“பாடிடுச்சு மாப்பிள்ளை, பாடிடுச்சு!”

அவரும் சிரித்தார். இவருக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததைப் பார்த்து மகள் திகைத்தாள். விஷயம் புரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “மூணு வருஷமா என்கிட்ட இந்த மேட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“பாடலைன்னா நீ கோவிச்சுப்பியேன்னு...”

“பாடாட்டி போகுது! நாளைக்கு எனக்கு லீவு.”

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். ஏழு தடவை சறுக்கியும் மேடு கம்மென்று கிடந்தது. மாப்பிள்ளை மணலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பரவாயில்ல, வாங்க” என்று மகள் ஒரு கையால் அம்மாவையும் மறு கையால் கணவனையும் இழுத்துக்கொண்டு, கணுக்கால் புதையப் புதைய எட்டாவது தடவையாக மேலே ஏறத் தொடங்கினாள்.